பதினோராவது படி

பெரிய ஒப்பரேசனுக்கு முன்னால் நோயாளியைத் தயார்ப்படுத்துவதற்கென்று எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு தனிப் பிரிவு திறந்திருக்கிறார்கள். நாடா வெட்டிய படம் பத்திரிகையில் வந்தது. படத்தில் பதினாலு பேர் நிற்கிறார்கள். அதில் ஒருவர்கூட ஒரு நோயாளியின் பக்கத்தில் நடந்து படியேறியவர் இல்லை. எனக்குத் தெரியும். அந்தப் படிகளில் ஒன்பது வருடம் நோயாளிகளை ஏற்றியவன் நான். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. வாவிக்கரையில் இருக்கிறது, அவ்வளவு போதும். நான் எழுதப்போகும் பிழை ஆஸ்பத்திரியுடையது அல்ல.

விழா முடிந்து பத்து நாளைக்குப் பிறகு, அந்தப் பிரிவில் வேலை செய்கிற பிசியோ பிள்ளை ஸ்கூட்டரில் தேற்றாத்தீவுக்கு என் வீடு தேடி வந்தாள்.

"ஐயா, முதல்ல இதெல்லாம் செய்தது நீங்கதானாம். மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க."

"விழாதான் முடிஞ்சிற்றே புள்ள?"

"மலர் இன்னும் அடிக்கல்ல ஐயா."

"அப்ப விழாவுக்கு நான் தேவையில்ல. மலரில பக்கம் நிரப்பக் காணாதெண்டதும் நினைப்பு வந்திற்று, என்ன?"

அவள் சிரித்தாள். "ரெண்டு பக்கம் காணாதுதான் ஐயா" என்றாள். பொய் சொல்லாத பிள்ளை என்று எனக்குப் பிடித்துப்போனது. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினாள். நல்ல தாள், வழுவழுவென்று இருந்தது. அதில் ஒரு கேள்வி: 'இரண்டு மாடி படியேற முடியுமா? ஆம் / இல்லை.'

"இத ஆரு பாக்கிற?"

"நோயாளியிட்டக் கேப்பம் ஐயா."

"அவர் ஓம் எண்டா?"

"ஓமெண்டு அடையாளம் போடுவம்."

மாட்டேன் என்று சொல்லி அனுப்பத்தான் இருந்தேன். இந்தக் கேள்விக்காக எழுத ஒப்புக்கொண்டேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தட்டும். ஆனால் சொன்ன விஷயத்தில் ஒரு சொல்லும் குறைக்கக்கூடாது என்று அவளிடம் கேட்டிருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆஸ்பத்திரியில் லேபராகச் சேர்ந்தேன். வாளியும் விளக்குமாறும் கையில். ஆறு வருடம் கழித்து சத்திரசிகிச்சை வார்டுக்கு அட்டென்டன் ஆக்கினார்கள். யாரும் எனக்கு வகுப்பு எடுக்கவில்லை. சிங்களத்தைச் சமையல்கட்டில் பிடித்தேன், மருந்துகளின் பெயரைப் போத்தல் மூடியின் நிறத்தைப் பார்த்துப் பிடித்தேன், நாடி பிடிப்பதை ஒரு வயதான நர்ஸ் மிஸ்ஸியின் பின்னால் திரிந்து திருடிக்கொண்டேன். யுத்த காலம் அது. தயார்ப்படுத்துவதற்கு அப்போது நேரம் ஏது? மாட்டுவண்டியில் வந்தவனையும் ட்ரக்டர் பெட்டியில் வந்தவனையும் உடுத்திருந்த உடுப்போடே தியேட்டருக்குத் தள்ளினோம். எவன் பிழைப்பான், எவன் பிழைக்கமாட்டான் என்பதை மூச்சு விடுகிற மாதிரியை வைத்து என்னால் சொல்ல முடிந்தது. டொக்டர்மார் சிரிப்பார்கள். இரண்டு நாள் கழித்துச் சிரிக்கமாட்டார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு வடக்கிலிருந்து ஒரு சேர்ஜன், சத்திரசிகிச்சை டொக்டர், மாற்றலாகி வந்தார். எங்களுக்கு அவர் 'சேர்'. மெலிந்த மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. லேபர், காவலாளி, எல்லாருக்கும் 'நீங்கள்' தான். முதல் நாள் வார்டுச் சுற்றில் எட்டு டொக்டர்மார் அவருக்குப் பின்னால். ஒரு வயதான மீன்பிடிகாரரைக் கட்டிலிலிருந்து இறக்கி, "அந்தச் சுவர் மட்டும் நடந்து வாங்கோ ஐயா" என்றார். கிழவர் போய் வந்தார். எல்லா டொக்டர்மாரும் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேர் திரும்பினார். கதவடியில் ட்ரொலியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன பார்த்தனீங்கள்?"

"ஏழாம் கட்டிலடியில மூச்சு மாறிற்று சேர். பேந்து தோளால இழுத்தார்."

அவர் டொக்டர்மாரைப் பார்த்து, "இவர் ஒராள்தான் நோயாளியைப் பார்த்தவர்" என்றார். அந்த வசனத்தை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பட்டம் அதுதான்.

அன்றைக்குப் பின்னேரம் என்னைக் கூப்பிட்டு வேலை சொன்னார். "வெட்டுறது என்ர வேலை. அது மூண்டு மணித்தியாலம். அதுக்கு முன்னம் இருக்கிற மூண்டு கிழமை உங்கட வேலை. பலமில்லாமல் உள்ளுக்குப் போற சனம் தியேட்டருக்குள்ள சாகிறேல்ல நல்லதம்பி. அஞ்சாம் நாள் சளியில சாகுது."

அவர் சொல்லித்தந்ததும் நானாகச் சேர்த்துக்கொண்டதுமாக எங்கள் முறை இப்படி இருந்தது. வெற்றிலை, சுருட்டு, பீடி அன்றோடு நிற்க வேண்டும். வாயையும் பல்லையும் காலையும் மாலையும் துலக்க வேண்டும். வாயில் இருக்கிற அழுக்குத்தான் மயக்கத்தில் நெஞ்சுக்கு இறங்கும். நாளுக்கு இரண்டு முட்டை, மீன், அவித்த பயறு. வருத்தக்காரனுக்குக் கஞ்சி மட்டும் கொடுக்கிற வீட்டுக்காரரோடு நான் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. ஒரு வெறும் சேலைன் போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, குழாய் செருகி ஊதப் பழக்குவேன். மணிக்குப் பத்துத் தரம். நீர்க்குமிழி நிற்காமல் வரவேண்டும், சும்மா புளுக் புளுக்கென்றால் கணக்கில்லை. தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்து இருமப் பழக்குவேன், வெட்டின பிறகு தையல் நோகாமல் சளியைத் தள்ளுவதற்கு. நேராக எழும்பாமல் பக்கவாட்டில் கிறுகி, காலைத் தொங்கப் போட்டு எழும்பப் பழக்குவேன். இதையெல்லாம் நோ வருவதற்கு முன்பே பழக்க வேண்டும். நோ வந்த பிறகு எந்த மனிதனும் எதையும் படிக்கமாட்டான்.

கடைசியில் படி. கீழ் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு நாற்பத்திரண்டு படி. நோயாளி கதைத்துக்கொண்டே ஏற வேண்டும். நான் பக்கத்தில் ஏறுவேன், கையைத் தொடமாட்டேன். மீன்காரனிடம் மீன்களின் பெயரைக் கேட்பேன், விவசாயியிடம் அவனுடைய வயல் துண்டுகளைக் கேட்பேன். உதட்டையும் மூக்கு விடைப்பையும் பார்ப்பேன். ஏதோ ஒரு படியில் கதை முறியும். மேலே போனதும் ஒரு நிமிடம் நாடி எண்ணுவேன். கீழே வந்தால் சேர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"எத்தினையாம் படியில கதை முறிஞ்சது?"

முப்பதுக்கு மேல் என்றால் திகதி கொடுப்பார். குறைவென்றால் இன்னும் இரண்டு கிழமை போத்தல், நடை, முட்டை. நான் சொல்கிற எண்ணை அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை.

வார்டில் மிஸ்ஸிமார் எனக்குப் 'படி டொக்டர்' என்று பெயர் வைத்தார்கள். சின்ன டொக்டர் ஒருவர் என் போத்தலைப் படம் பிடித்துக் கொழும்பில் ஒரு கூட்டத்தில் காட்டிக் கைதட்டு வாங்கினார். திரும்பி வந்து எனக்கும் படத்தைக் காட்டினார். படத்தில் போத்தல் இருந்தது. அதைப் பிடித்திருந்த என் கை, மணிக்கட்டு வரைக்கும் இருந்தது.

என் கையால் தயாராகிப் போய், நடந்து வீடு திரும்பியவர்களைச் சேர்த்துக் குடியேற்றினால் ஒரு சின்னக் கிராமம் வரும். ஒருவரை மட்டும் சொல்கிறேன். ஏறாவூரிலிருந்து வந்த ஆசியா உம்மா. இரைப்பையில் கட்டி. நடக்கவே மாட்டேன் என்று கட்டிலில் கிடந்தார்.

"மகன், நான் மவுத்தாகிப் போனா ஆருட மனவருத்தத்தையும் சுமந்துக்கிட்டுப் போகப்படா. வெட்டுறதுக்கு முதல் எல்லார்கிட்டயும் மாப்புக் கேக்கணும். என்ன வீட்ட விடு."

"போங்க உம்மா. ஆனா ஆட்டோவில போகப்படா. வீடு வீடா நடந்து போய்க் கேக்கணும். ஒரு நாளைக்கு நாலு வீடு."

"நாலு வீடா! நான் அவ்வளவு பேரோட சண்டை பிடிக்கல்லயே!"

"சண்டை பிடிக்காத ஆக்களிட்டயும் கேளுங்க. நாளைக்கு உதவும்."

மூன்று கிழமை நடந்தார். திரும்பி வந்தபோது யார் மன்னித்தது, யார் மூஞ்சியை நீட்டியது, எந்த மருமகள் கதவைத் திறக்காமல் ஜன்னலால் பதில் சொன்னது என்று தொடங்கினார். படி முடிந்து இரண்டாம் மாடியில் நின்றும் அந்த மருமகளை விடவில்லை. கீழே வந்ததும் சேர் கேட்டார். "சேர், படிதான் முடிஞ்சுது. கதை முடியல்ல" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். உம்மா ஏழாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

இதோடு நிறுத்தினால் மலருக்கு நல்ல கட்டுரை. பிள்ளையும் இதைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பாள். ஆனால் அந்தப் படிவத்தைப் பார்த்த பிறகு மற்றதை எழுதாமல் விட முடியவில்லை.

சேர் வந்து எட்டு, ஒன்பது வருடம் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்துப் பெரிய நிலக்காரர், போடியார் ஒருவரை வார்டுக்குக் கொண்டு வந்தார்கள். வட்டையில், ஊர் வயல்வெளியில், பாதி அவருடையது. அவருடைய வயலில் வாடி கட்டித் தங்கி நின்று வேலை பார்த்தவர் என் அப்பா. நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்த வயலில் குருவி விரட்டத்தான். போடியாரைக் கெட்ட மனிதர் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். அவர் கெட்டவர் அல்ல. என் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது வண்டில் கட்டி அனுப்பியவர். ஆனால் தன் வேலையை வேறொருவன் செய்வதுதான் உலக வழக்கம் என்று நம்பியவர். வார்டுக்கே இரண்டு ஆட்களோடு வந்தார். ஒருவன் விசிற, மற்றவன் துப்புவதற்குப் படிக்கம் பிடிக்க.

"டேய், நீ கணபதிட பொடியன் எலுவா?"

"ஓம் போடியார்."

எனக்கு அப்போது ஐம்பதுக்கு மேல். பேரப்பிள்ளை இருந்தது. வார்டில் என் ஒரு அதட்டலுக்கு நாற்பது கட்டிலும் அடங்கும். நான் கட்டிலடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பெருங்குடலில் கட்டி. இரத்தம் போயிருந்தது. ஏற்றவேண்டியிருந்ததால் வீட்டுக்கு விடாமல் வார்டிலேயே வைத்தார்கள். சேர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார்.

"கட்டியில எனக்குப் பயமில்லை. நெஞ்சிலதான் பயம். அறுபது வருசச் சுருட்டு. மூண்டு கிழமை நல்லா வேலை வாங்குங்கோ. ஏறினால் வெட்டுவன். ஏறாட்டி இன்னும் ரெண்டு கிழமை பொறுக்கலாம், கட்டி அவ்வளவுக்கு ஓடாது. ஆனால் ஏறாமல் வெட்டினனெண்டால் அவர் வீட்ட போகமாட்டார்."

இதைவிட விளக்கமாக ஒருவர் ஒருவருக்குச் சொல்ல முடியாது. 

நான் போத்தலைக் கொண்டு போனேன். போடியார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னடா இது, சின்னப் புள்ளையள்ட விளையாட்டுச் சாமான்? இத அவனிட்டக் குடு."

விசிறிக்கொண்டிருந்தவனிடம் கொடுத்தேன். அவன் கட்டிலுக்குக் கீழே சப்பாணி கட்டி இருந்து, போடியாருக்காக மணிக்குப் பத்துத் தரம் உண்மையாகவே ஊதினான். வார்டே சிரித்தது. போடியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மூன்று கிழமையில் அவனுடைய நெஞ்சு நன்றாகப் பலப்பட்டிருக்கும்.

தலையணையை அணைத்து இருமச் சொன்னேன். "நாலு பேருக்கு முன்னால காறிக்கொண்டு இருக்க நான் என்ன நாயா?" என்றார். நடக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் எல்லாம் சேர்ந்து, ஒப்பரேசனுக்கு இருக்கிற ஆளை நடத்திக் களைக்க வைக்கிறதா என்று என்னைக் கேட்டார்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று அந்த வார்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். குளிக்கிற அறையில் சுருட்டு மணத்தது. மற்றவன் என்றால் வாயிலிருந்து பறித்துத் தொட்டிக்குள் போட்டிருப்பேன். போட்டும் இருக்கிறேன், ஒரு பொலிஸ்காரரின் வாயிலிருந்தே. அன்றைக்கு நான் போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன், மிஸ்ஸிக்கு மணக்காமல்.

மூன்று கிழமை முடிந்தது. படியேறும் நாள் காலை, வார்டுச் சுற்றுக்குப் பிறகு, போடியார் வெள்ளை வேட்டி மாற்றிச் சால்வை போட்டுக்கொண்டு வந்தார். படியடியில் அவருடைய ஆட்கள் இருவரும், வட்டையிலிருந்து பார்க்க வந்த நாலைந்து பேரும் நின்றார்கள்.

"என்னடா, நான் ஏறத்தான் வேணுமோ? இவன் ஏறினாப் போதாதா?"

"போடியார்தான் ஏறோணும். கதைச்சுக்கொண்டு ஏறோணும். நம்மட வயல் துண்டுகள ஒவ்வொண்டாச் சொல்லுங்க."

'நம்மட' என்று சொன்னேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அவர் தொடங்கினார். நாவலடித் துண்டு, அதில் இத்தனை ஏக்கர். மதகடித் துண்டு, அதில் கீழ்ப்பக்கம் உவர். நாலாம் படி, ஐந்தாம் படி நன்றாகத்தான் இருந்தது. எட்டாம் படியில் ஏக்கரை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சொன்னார். ஒன்பதில் தோள் உயர்ந்தது. பத்துப் படி ஏறினால் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தின் தளம்தான் பதினோராவது. அதில் கால் வைத்துக் "கோயில்…" என்றார். கோயிலடித் துண்டு என்பதில் 'அடி' வரவில்லை.

கீழேயிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் குந்தவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, வாவியைப் பார்ப்பதுபோல நின்றார். உதடு நாவற்பழம்போல இருந்தது. நான் அவருடைய மூச்சைக் கேட்டேன். மூன்று கிழமைக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

கொஞ்சம் கழித்து, திரும்பாமலே சொன்னார்.

"டேய். ஏறிற்றார் எண்டு போய்ச் சொல்லு."

"போடியார், சேர் படிக் கணக்குக் கேப்பார். இன்னும் ரெண்டு கிழமை…"

"ரெண்டு கிழமை தள்ளினா நெல்லு வேளாண்மை வெட்டுக்கு நான் வீட்டில இல்ல. வெட்டு நேரம் போடியார் ஆசுப்பத்திரிக் கட்டில்ல கிடந்தா வட்டை சிரிக்கும்டா." மூச்செடுத்தார். "நான் சொல்றன். போய்ச் சொல்லு."

"ஓம் போடியார்."

அவர் எனக்கு எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை. அவர் மிரட்டினால் பயப்படுகிற நிலையிலும் நான் இல்லை, அரசாங்க உத்தியோகம் என்னுடையது. அவர் சொன்னார், என் வாய் 'ஓம்' என்றது. அந்தச் சொல்லை அவருக்குச் சொல்ல என் வாய் பழகியிருந்தது. ஆயிரம் பேருக்கு மூச்சுப் பழக்கியவன் நான். எனக்குப் பழகிப்போன ஒரு சொல்லை அன்றைக்கு என்னால் நிறுத்த முடியவில்லை.

அவரைத் திருப்பத்தின் சுவர் மறைவுக்கு நகர்த்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, உதட்டின் கறுப்பு வடிந்த பிறகு மெல்ல இறக்கினேன். கீழே நின்றவர்களுக்குத் திருப்பத்துக்கு மேலே எதுவும் தெரியாது. மேலே போய் வந்தார் என்றுதான் நினைத்தார்கள். சேரின் அறைக்குப் போனேன்.

"எத்தினையாம் படியில கதை முறிஞ்சது?"

"முறியல்ல சேர். கடைசி மட்டும் கதைச்சார்."

பேனையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நான் முப்பதும் வராதெண்டு நினைச்சன்."

நான் அவருடைய பேனை நுனியைப் பார்த்தேன்.

"சரி. நல்லதம்பி பார்த்தால் சரி" என்று திகதி எழுதினார்.

ஒப்பரேசன் நன்றாகத்தான் முடிந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது என்று தியேட்டரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் போடியார் கஞ்சி கேட்டார். மூன்றாம் நாள் காலை காய்ச்சல். நெஞ்சில் சளி கொதிக்கிற சத்தம் கட்டிலடியிலேயே கேட்டது. நான் தலையணையைக் கொண்டு போய் வயிற்றில் வைத்தேன்.

"இருமுங்க போடியார்."

அவர் முயன்றார். தையல் இழுத்ததும் கை தலையணையை விட்டுவிட்டது. எப்படிப் பிடிப்பதென்று அந்தக் கைக்குத் தெரியாது. திரும்பவும் வைத்தேன். திரும்பவும் விட்டது. பத்துத் தரம் இருக்கும். பிறகு அவரே சொன்னார். சொல்லுக்குச் சொல் நின்று நின்று சொன்னார்.

"டேய்… அந்தப் போத்தல… கொண்டா."

ஓடிப் போய்க் கொண்டு வந்தேன். குழாயை வாயில் வைத்துப் பிடித்தேன். ஊதினார். இரண்டு குமிழி வந்தது. என்னைப் பார்த்தார், சரியா என்று கேட்பதுபோல. மூன்று கிழமை மணிக்குப் பத்துத் தரம் ஊதியிருக்க வேண்டிய மனிதர்.

"நல்லா வருது போடியார்" என்றேன். இரண்டாவது பொய்.

அன்று மத்தியானம் ஐ.சி.யு.வுக்குக் கொண்டு போனார்கள். தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். ஒன்பதாம் நாள் காலையில் முடிந்தது. வட்டையில் வெட்டு தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது.

அதன் பிறகு டொக்டர்மார் கூட்டம் ஒன்று வைத்தார்கள். யாராவது ஒப்பரேசனுக்குப் பிறகு இறந்தால் ஏன் என்று பேசுகிற கூட்டம். அட்டென்டனுக்கு அதில் இடமில்லை. தேநீர் கொண்டு போன மிஸ்ஸி வந்து சொன்னாள்: "சேர் ஒருத்தரையும் குறை சொல்லல்ல அண்ணன். 'நெஞ்சைத் தட்டினபோதே எனக்குத் தெரியும், வெட்ட எடுத்த முடிவு என்ர பிழை' எண்டு எழுதச் சொல்லிற்றார்."

நான் நேரே அவருடைய அறைக்குப் போனேன்.

"பதினொண்டு சேர்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை.

"போடியார்ட கதை பதினோராவது படியில முறிஞ்சது சேர். அவர் மேல போகல்ல. நான் பொய் சொன்னன்."

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவேண்டும் என்று விரும்பி நின்றேன்.

"அவர் உங்களுக்கு என்ன முறை?"

"முறை இல்ல சேர். என்ட அப்பா அவர்ட வயலில வேலை செய்தவர்."

"ம்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "சரி. போங்கோ நல்லதம்பி."

அடுத்த நாள் ஒரு கொத்தனாருக்குப் படி இருந்தது. நான் வழக்கம்போலப் படியடிக்குக் கூட்டி வந்தேன். சேர் வந்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் கையில் தந்தார். "வாங்கோ ஐயா, நானும் வாறன்" என்று கொத்தனாரோடு ஏறத் தொடங்கினார். சீமெந்துக்கு எவ்வளவு மணல் என்று அவர் கேட்பது திருப்பம் வரைக்கும் எனக்குக் கேட்டது. நான் கீழே நின்றேன்.

அன்று தொடங்கி மாற்றலாகிப் போகும் வரைக்கும் ஒவ்வொரு நோயாளியோடும் அவரே ஏறினார், மூன்று நாலு பேர் இருக்கிற நாட்களிலும். போத்தல் வேலை, இருமல் வேலை எல்லாம் என்னிடம்தான். அதே 'நீங்கள்'. அதே குரல். என்னைப் பற்றி யாருக்கும் ஒரு சொல் சொல்லவில்லை, எழுதவில்லை. 'எத்தினையாம் படி' என்று மட்டும் என்னிடம் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. ஓய்வு பெறும்போது குற்றமற்ற சேவை என்று எனக்குக் கடிதம் தந்தார்கள். அந்தக் கடிதம் அலுமாரியில் கிடக்கிறது. நான் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை.

சேர் போன பிறகு வந்தவர்கள் படியேற்றுவதை விட்டுவிட்டார்கள். இப்போது தாளில் திரும்ப வந்திருக்கிறது. அதனால் பிசியோ பிள்ளைக்கும் அந்தப் பதினாலு பேருக்கும் சொல்கிறேன். படியைக் கேட்டு எழுதாதீர்கள். ஏறிப் பாருங்கள். கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள், வெட்கத்தில் ஒருவன், அவசரத்தில் ஒருவன், வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பதால் ஒருவன். பக்கத்தில் ஏறுகிறவனையும் அப்படியே நம்பாதீர்கள். அந்த நோயாளியின் ஊர்க்காரனை அனுப்பாதீர்கள். அவன் என்னைப்போலக் கெட்டிக்காரனாக இருந்தாலும் அனுப்பாதீர்கள். அந்த வீட்டில் கைகட்டி நின்றிராத ஒருவனை அனுப்புங்கள்.

இன்னும் ஒன்று. இதை நான் சேருக்கும் சொல்லவில்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது. வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று இருந்தேன். போடியாரின் மனைவி என்னைக் கண்டு அழுதுகொண்டு எழும்பி வந்தார்.

"மனே, வேற ஆருமெண்டா என்ட மனுசன நட, ஊது, இருமு எண்டு பாடாப் படுத்தியிருப்பாங்க. நீ ஒருத்தன்தான் அவர் மாட்டன் எண்டதும் மறு சொல்லுச் சொல்லாம மரியாதையா வைச்சிருந்த. அவர் சொன்னவர்டா. 'கணபதிட பொடியன் என்ன கீழ விடல்ல' எண்டு சொன்னவர்."

பிறகு மகனைப் பார்த்து, "அண்ணனுக்குக் கதிர போடு" என்றார். என் அப்பா முப்பது வருடம் போன வீடு அது. அவர் முற்றத்தில்தான் குந்துவார். மண்டபத்துக்குள், பெரியவர்கள் இருந்த வரிசையில் எனக்குக் கதிரை போட்டார்கள். நான் இருந்தேன்.

ஒவ்வொரு வருடமும் திவசத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வருடமும் என்னை முதல் பந்தியில் இருத்துகிறார்கள். மகன் தன் கையாலேயே எனக்குச் சோறு போடுவான். இந்த வருடமும் போன மாதம் போனேன். இன்னும் கொஞ்சம் போடட்டா அண்ணன் என்று கேட்டான். ஓம் என்றேன்.